ஒண்ணா, சைபரா

காலை ஒன்பது மணிக்கு இருதயமேரி கம்ப்யூட்டரைப் போட்டபோது அஞ்சம்மாளின் கிணறு பாதிதான் தெரிந்தது.

கிணறு என்றால் கிணற்றின் படம். ஒலக்கூர்ப் பக்கத்து அஞ்சம்மாள் எட்டு வருடமாக ஒவ்வொரு சித்திரையிலும் கயிற்றை விட்டு, தண்ணீர் எத்தனை முழத்தில் கிடக்கிறது என்று அளந்து வைத்திருந்தாள். மேரி அதை அடிக்கணக்காக்கி, 'நீர்மட்டம்' என்று தலைப்புப் போட்டு, திரையில் கோடாக வரைந்திருந்தாள். இடப்பக்கம் கீழே இருபத்தோரு அடியில் தொடங்கி, வலப்பக்கம் மேலே ஐம்பத்தோரு அடி வரை கோடு அழகாக ஏறும். திண்டிவனத்தில் அப்போது இருந்த ஒரே கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி தாண்டவராயன், கடைக்கு வருகிற எல்லோருக்கும் அதைக் காட்டிப் பெருமைப்படுவார்.

அன்று மூன்று மணிக்கு விழுப்புரத்திலிருந்து இன்ஜினீயர் வருகிறார். அந்தக் கோடையில் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் வண்டியை எந்த ஊருக்கு அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது. இதற்கு முன் இரண்டு முறை இந்தப் படத்தை அச்செடுத்து அவருக்கு அனுப்பியும் வண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. மை மங்கலாக விழுந்ததுதான் காரணம் என்று தாண்டவராயன் முடிவு கட்டி, நேரில் வந்து திரையிலேயே பார்க்கும்படி இன்ஜினீயரைக் கெஞ்சி அழைத்திருந்தார். இந்த முறையும் தவறினால் அஞ்சம்மாளின் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடக்க வேண்டியதுதான்.

படம் பாதியாகப் போனதற்குக் காரணம் மேரிக்குப் புரிந்தது. முந்தின நாள் மின்சாரம் எகிறியதில் திரையை ஓட்டுகிற அட்டை கருகிவிட்டது. தாண்டவராயன் மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி வேறொன்று வாங்கி மாட்டியிருந்தார். அது வேறு சாதி அட்டை.

கோடு போட, வட்டம் போட, எழுத்துப் போட என்று யாரோ முன்கூட்டியே எழுதிவைத்த புரோகிராம் மூட்டைக்குப் பெயர் கிராபிக்ஸ் லைப்ரரி. அது இரண்டு ஃபிளாப்பியில் வந்திருந்தது. எந்த அட்டை, எழுத்து வேண்டுமா, கலர் வேண்டுமா என்று கேட்டு அதில் ஒரு பட்டியல் இருக்கும். வேண்டும் என்றால் ஒன்று, வேண்டாம் என்றால் சைபர் போட வேண்டும். பிறகு மொத்த மூட்டையையும் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றிக் கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு ஐம்பது நிமிடம் பிடிக்கும்.

மேரி பழைய அட்டைக்குச் சைபரும் புது அட்டைக்கு ஒன்றும் போட்டாள். நாற்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பதினொன்றரைக்குப் படம் முழுசாக வந்தது. ஆனால் எழுத்துக்கு ஒன்று போட மறந்ததால் அதில் ஓர் எழுத்துகூட இல்லை. ஊர் பேர் இல்லை, வருடம் இல்லை, அடி இல்லை. வெறும் கோடு.

தாண்டவராயன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், கம்ப்யூட்டர் மட்டும் தெரியாது.

"எதுக்கும்மா ஒண்ணு ஒண்ணா ரோசன பண்ணிக்கினு? எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுடு. ஜல்தியா முடிஞ்சிடும்."

முதலாளி சொல்லைத் தட்ட முடியாமல் மேரி எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டாள். ஐம்பது நிமிடம் கழித்து, இவ்வளவையும் வைத்துக்கொள்ள மெமரியில் இடம் இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. இப்போது கோடும் இல்லை.

மணி பன்னிரண்டரை. அவள் கொண்டுவந்த தயிர்சாதம் டப்பாவிலேயே கிடந்தது. தேவையில்லாததைக் கழிக்க உட்கார்ந்தாள். வட்டத்துக்குச் சைபர். கலருக்குச் சைபர். கம்பைல் செய்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் இடம் இடித்தது. பட்டியலின் கடைசியில் 'ஒய் ஃபிளிப்' என்று ஒன்று இருந்தது. லைப்ரரி எழுதிய மகராசன் அதன் பக்கத்தில், 'கணக்கு வாத்தியார்களுக்கு மட்டும் தேவைப்படும்' என்று குறிப்பு வைத்திருந்தான். அஞ்சம்மாள் கணக்கு வாத்தியார் இல்லை. மேரி அதற்கும் சைபர் போட்டாள்.

இரண்டேகாலுக்கு எல்லாம் சரியாக முடிந்தது. எழுத்து வந்தது, வருடம் வந்தது, அடி வந்தது, கோடும் வந்தது. தலைகீழாக.

மேலே ஏற வேண்டிய கோடு, இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சறுக்கிக்கொண்டு போனது. எழுத்துகள் மட்டும் நேராக நின்றன. கணக்கு வாத்தியார் சைபரைக் கீழே வைத்து மேல் நோக்கி எண்ணுவார். திரையோ மேலிருந்து கீழாக எண்ணும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டிருந்ததே அந்தக் கடைசி வரிதான்.

"டிவியத் தூக்கித் தலகீழா வச்சிட்டா?" என்று கேட்டார் தாண்டவராயன். கேலியாகக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தே விட்டார்.

"எழுத்து தலகீழா பூடும் சார்."

தன் புரோகிராமிலேயே ஒரு வரியைத் திருத்திக் கோட்டைப் புரட்டிவிடலாம், பத்து நிமிட வேலை, என்று அவள் விரலை வைத்த நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஜினீயர் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். அடுத்து மயிலம் போக வேண்டுமாம்.

அவர் உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். மேரி பேச வாயெடுத்தாள். தாண்டவராயன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். விடியற்காலை பஸ்ஸில் வந்து காத்திருந்த அஞ்சம்மாள் மூலையில் இருந்து எழுந்து நின்றாள்.

இன்ஜினீயர் அந்தக் கோட்டின் மேல் பேனாவை வைத்து, சறுக்குமரத்தில் இறங்குவதுபோலக் கீழ்மூலை வரை இழுத்துக்கொண்டு போனார். பிறகு அஞ்சம்மாளைப் பார்த்து, இந்தச் சித்திரையில் கயிறு எவ்வளவு போனது என்று கேட்டார்.

"முப்பத்தி நாலு மொழங்க. அதும் சேறுதாங்க வந்துது."

அவர் ஃபைலைத் திறந்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வண்டி வரும், பாதையில் இருக்கிற முள்ளை வெட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேரியின் கையைப் பிடித்தாள். தாண்டவராயன் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, ஆளுக்கு இரண்டு போண்டாவும் டீயும் சொன்னார். மேரி தயிர்சாத டப்பாவைத் திறந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒரு வாய் சோற்றோடு இறங்கிவிட்டது.

"மனுசன் தலகீழுன்னு கண்டுபுடிக்கவே இல்ல பாத்தியா," என்றார் தாண்டவராயன். "கர்த்தர் காப்பாத்துனாரும்மா."

நாளைக்கு முதல் வேலையாக அந்த ஒய் ஃபிளிப்புக்கு ஒன்று போட்டுப் படத்தைப் பழையபடி சரியாக்கிவிடுகிறேன் என்று மேரி சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜீப் டிரைவர் சுப்பராயலு திரும்ப உள்ளே வந்தார். ஐயா பேனாவை விட்டுவிட்டாராம். எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டவர் திரையைப் பார்த்து நின்றார்.

"இத மொதல்லியே இப்பிடி நேரா போட்டு அனுப்பியிருக்கக் கூடாதாங்க? போன ரெண்டு தபாவும் கோடு மேல ஏறிக்கினு போறதப் பாத்துட்டு, 'இவுங்க கெணத்துல வருசா வருசம் தண்ணி பொங்கிக்கினு வருது, இவுங்களுக்கு எதுக்குய்யா போர் வண்டி'ன்னு எங்க சார் ஜீப்புலயே தூக்கிப் போட்டுட்டாருங்க."