ஐந்தாம் பாகம்தான் முதலில்

ஐந்தாம் பாகத்தைத்தான் முதலில் வெளியிடுவேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி தலைகூட நிமிரவில்லை. சாப்பாட்டு மேஜையில் யாருடைய பூகோளப் புத்தகத்துக்கோ மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவால் ஒரு நதியை வடக்கிலிருந்து தெற்கே திருப்பிவிட்டு, "அப்ப முதல் பாகம்?" என்றாள்.

"கடைசியில."

"நாலாம் பாகம்?"

"மூணாவதா வரலாம். ரெண்டாவதாவும் வரலாம். என் இஷ்டம்."

"சட்டையை மாட்டிக்கிட்டு, அதுக்கு மேல பனியன் போடற மாதிரியா?"

இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் கலைஞன் பதில் சொல்லக் கூடாது. சொல்லவும் தெரியவில்லை.

என் பக்க நியாயத்தைக் கேளுங்கள். பத்தொன்பது வருஷமாக ரயில் கால அட்டவணை தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆறு ஐந்துக்கு அப்புறம் ஆறு பத்து. ஆறு பத்துக்கு அப்புறம் ஆறு இருபது. ஒரு நாளாவது ஆறு இருபதைத் தூக்கி ஆறு ஐந்துக்கு முன்னால் போட முடியுமா? போட்டால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் குசலம் விசாரித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அட்டவணை. குளித்தால்தான் காப்பி. காப்பி குடித்தால்தான் பேப்பர். பேப்பரை மடித்து வைத்தால்தான் மேற்கொண்டு பேச்சு. என் கற்பனையிலாவது காலம் என் முன்னால் கைகட்டி நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். தப்பா?

என் கதாநாயகன் ஒரு துப்பறியும் நிபுணர். பட்டப்பெயர் மூக்கர். திருடன் வந்துபோன அறையில் ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும். அவன் போட்ட சோப்பு எது, இருப்பது சொந்த வீடா வாடகை வீடா, எல்லாம் சொல்லிவிடுவார். மொத்தம் ஐந்து பாகம். முதல் பாகத்தில் அவருக்கு இருபத்தைந்து வயது. ஐந்தாம் பாகத்தில் அறுபது. அந்த அறுபதைத்தான் முதலில் எழுதி முடித்திருந்தேன்.

பதிப்பாளர் மறுப்பார், அவரோடு சண்டை போடலாம் என்று ஆசையோடு போனேன். அவர் பாட்டுக்குச் சிரித்தார். "வித்தியாசமா இருக்கு சார். மெய்ப்பை மேடமே பார்த்துடுவாங்க இல்ல?"

என் மனைவி அவருக்குத்தான் மெய்ப்புத் திருத்துகிறாள். அவர் போடும் புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால், அந்த வாரம் அவள் லீவில் இருந்தாள் என்று அர்த்தம்.

மறுவாரம் மெய்ப்பு வீட்டுக்கு வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் சிவப்புப் பேனா நின்றது.

"என்னங்க, மூக்கரோட பொண்டாட்டி செத்துட்டாளா?"

"ஆமா."

"எப்படி?"

"ரெண்டாம் பாகத்துல தெரியும்."

"எனக்கு இப்பவே தெரியணும்."

"அதை நானே இன்னும் யோசிக்கலையே."

"காரணமே இல்லாம ஒருத்தியைச் சாகடிச்சிருக்கீங்க!"

"காரணம் இருக்கு. துப்பறியறவன் உயிரைக் கொடுத்துத் திருடனைத் துரத்திக்கிட்டு ஓடறான். அப்ப பின்னாடியிருந்து, 'வரும்போது தீப்பெட்டி வாங்கிட்டு வாங்க'ன்னு ஒரு குரல் வந்தா, அவன் திருடனைப் பிடிப்பானா, தீப்பெட்டியைப் பிடிப்பானா?"

அவள் அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தாள். "'மனைவி இறந்ததால்தான் மூக்கரால் எந்த வழக்கையும் முடிக்க முடிந்தது.' இது உங்க வாக்கியமா?"

"என் வாக்கியம்தான்!" நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "பிழை இருந்தா திருத்து. அது உன் வேலை. மத்தபடி என் கதைக்குள்ள நீ மூக்கை நுழைக்காதே."

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் இருந்துவிட்டேன். புத்தகம் வந்தபோதும் தடவிப் பார்த்தேனே தவிர, பிரித்துப் படிக்கவில்லை. சமைத்தவனுக்குப் பசி இருக்காது.

பத்து நாள் கழித்து எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் என்னை வாசலிலேயே மடக்கினார்.

"சார், மூக்கரைவிட அவர் சம்சாரத்தைத்தான் சார் எனக்குப் பிடிச்சுது!"

"அவங்கதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே."

"எங்க போனாங்க?"

"மேல."

"மாடிக்கா?"

நான் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். 'மனைவி இருந்ததால்தான் மூக்கரால் எந்த வழக்கையும் முடிக்க முடிந்தது.' இருநூறு பக்கத்தில் அந்த அம்மாளைப் பற்றி நான் எழுதியிருந்தது அந்த ஒரே ஒரு வாக்கியம்தான். அதில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்!

வீட்டுக்குள் பாய்ந்தேன்.

"என்ன இது? 'இறந்ததால்'னு எழுதினேன். 'இருந்ததால்'னு வந்திருக்கு!"

"பிழை இருந்தா திருத்தச் சொன்னீங்க. திருத்தினேன்."

"இது பிழையா?"

"பின்ன? உங்களுக்கும் அந்த ரெண்டு எழுத்துக்கும் என்னைக்கு ஒத்துப்போச்சு? மாடியில 'அறை வாடகைக்கு'ன்னு போர்டு எழுதச் சொன்னா, 'அரை வாடகைக்கு'ன்னு எழுதி மாட்டினீங்க. வந்த மனுஷன் பாதிதான் தருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அவர் இன்னும் மாடியில்தான் இருக்கிறார்.

அன்று மத்தியானமே பதிப்பாளர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குஷி. "கடிதமா வந்து குவியுது சார்! அந்த அம்மா யாரு, எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. மீதி நாலு பாகத்துலயும் அவங்க மூளையாலதான் துப்பு துலங்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலிலிருந்து எழுதுகிறவன் நாளைக்கு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நானோ நாளையை அச்சடித்துவிட்டேன். இனி நேற்று முழுவதும் அதற்கு அடங்கித்தான் நடக்க வேண்டும்.

ஆனால் நான் அடங்குகிற ஜாதி இல்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு தெரியாமல் யோசித்தேன். மூன்றாம் நாள் வழி பிறந்தது. முதல் பாகம்! மூக்கருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை! இல்லாத மனைவி எப்படித் துப்பு கொடுப்பாள்?

நாற்பதே நாளில் எழுதி முடித்தேன். நகர மண்டபக் கடிகாரத்தின் பெரிய முள் களவு போகிறது. பிரம்மச்சாரி மூக்கர் தன்னந்தனியாக மோப்பம் பிடித்துத் திருடனை அமுக்குகிறார். கையெழுத்துப் பிரதியை மனைவி கண்ணில் காட்டாமல் நானே பதிப்பகத்துக்கு எடுத்துப்போனேன்.

"மெய்ப்பையும் நானே பார்ப்பேன்" என்றேன்.

பதிப்பாளர் என் எதிரிலேயே வேக வேகமாகப் புரட்டினார். கடைசி அத்தியாயத்தில் நெற்றியைத் தேய்த்தார்.

"மூக்கருக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா சார்?"

"ஆகலை!"

"அப்ப வழக்கு எப்படி முடிஞ்சுது?"

"மூக்கால."

அவர் அலமாரியிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார். "மனைவி இருந்ததாலதான் எந்த வழக்கையும் முடிக்க முடிஞ்சுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மனைவி இல்லைன்னா முடியக் கூடாதே சார்."

"அவ சொல்லிக் கொடுத்தாளா?"

"மேடம் இதைப் பார்க்கவே இல்லையே. நீங்க எழுதினதுதான் சொல்லுது."

நான் மேஜையைத் தட்டினேன். எழுத்துச் சுதந்திரம் என்றேன். ஒரு எழுத்தையும் விட்டுத்தர மாட்டேன் என்றேன். அவர் எழுத்தைத் தொடவே இல்லை. கடைசி அத்தியாயத்தை முழுசாக உருவி என் கையில் கொடுத்துவிட்டார்.

இப்படியாக முதல் பாகம், மூக்கருக்கு ஜலதோஷம் பிடித்து வழக்கு அந்தரத்தில் தொங்குவதோடு முடிந்து, வெளியே வந்தது. வாசகர்கள் கொதித்துப்போனார்கள். முள்ளை எடுத்தது யார்? மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரெண்டாம் பாகம் உடனே வேணும் சார்" என்று பதிப்பாளர் கெடு வைத்தார். "கல்யாணமும் ஆகணும், முள்ளும் கிடைக்கணும்."

உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அம்மாளை மேடைக்குக் கூட்டி வந்தேன். முதல் வசனம் எழுதினேன். "'நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று மனைவி புன்னகைத்தாள்."

என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு.

"எந்த வீட்டுலங்க இது நடக்குது?"

"இது கதை!"

"கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா? அந்த முள்ளை எடுத்தது யாருன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"கடைசி அத்தியாயத்துல மண்டபத்துத் தோட்டக்காரர்தானே?"

"அவருக்கு அன்னைக்குக் கால்ல கட்டுன்னு நீங்களே நாலாம் அத்தியாயத்துல எழுதியிருக்கீங்க. எப்படி ஏணியில ஏறினார்?"

நான் நாலாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். கட்டு இருந்தது.

"கொஞ்சம் நகருங்க" என்றாள்.

நான் உடனே நகர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு பக்கம்தான், அதுவும் என் மேற்பார்வையில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அது ஆயிற்று மூன்று வாரம். இப்போது பதினோராம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இன்னமும் பணியவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறாள். யார் வந்தாலும், "மேடம் எழுதறாங்க, சத்தம் போடாதீங்க" என்று நான்தான் சொல்ல வேண்டும்.