வீட்டின் மூக்கு எந்தப் பக்கம்

அநியாயம் நடந்தது ஹால்யாவுக்கு. செய்தவன் அவள் கணவன் மைரன். அவள் மூச்சு விடுவதற்கென்றே கட்டிய வீட்டில், அந்த மூச்சுக்கான காற்றைத் தன் பிக்கப் வண்டியின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலிருந்து இழுத்துவர ஏற்பாடு செய்தான். அவள் இருமியபோது, "உனக்கு மனசு சரியில்லை" என்றான். இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. விரிவாகச் சொன்னால் கோபம் கூடும். கூடட்டும்.

கனடாவின் யார்க்டன் ஊருக்கு வெளியே, உக்ரைன் வம்சாவளிக்காரர்களான அவர்களுடைய பழைய பண்ணை வீட்டில் சுவருக்குள் பூஞ்சை. பல குளிர்காலங்கள் அதை உள்ளே இழுத்து ஹால்யாவின் நுரையீரல் தழும்பேறிப்போனது. "இன்னொரு குளிர்காலம் அந்த வீட்டில் இருந்தால் அதற்கடுத்த குளிர்காலத்தைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்காது" என்றார் டாக்டர். அதனால்தான் ஊருக்குள் புது வீடு.

இந்த சஸ்காட்சுவான் மாநிலக் குளிருக்குக் கட்டுகிற வீடு ஊறுகாய் ஜாடி மாதிரி. இடுக்கெல்லாம் அடைத்து, உறை போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் ஊறிப்போகாமலிருக்க ஒரு காற்றுப்பெட்டி வேண்டும். அது வீட்டின் பழைய காற்றை வெளியே தள்ளும், வெளியிலிருந்து புதுக்காற்றை இழுக்கும். போகிற காற்றின் சூட்டைப் பிடுங்கி வருகிற காற்றுக்குக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் ஓடும், ஆனால் கலந்துகொள்ளாது. மைரனும் ஹால்யாவும் குடித்தனம் நடத்தியது கிட்டத்தட்ட அந்த விதத்தில்தான்.

பெட்டியை மாட்ட ஆள் கூப்பிடலாம் என்றாள் ஹால்யா. மைரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாளெல்லாம் பன்றிக் கொட்டகைகளுக்குக் காற்றாடி மாட்டியவன் அவன்.

"ஆயிரக்கணக்கான பன்றிங்க நான் விட்ட காத்தைத்தான் இழுத்துச்சுங்க. ஒண்ணாவது குறை சொல்லியிருக்கா?"

"குறை சொல்றதுக்குள்ள வெட்டிடுவாங்களே!"

"இப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"காத்து இழுக்கிற மூக்கைத் தோட்டப் பக்கம் வை. அங்க மரம் இருக்கு, பனி இருக்கு. வேற ஒரு தொந்தரவும் இல்லை."

"அங்க வச்சா குழாய் கீழ்த்தளத்தைக் குறுக்கே தாண்டி வரணும். கூரை தாழ்ந்துபோகும்."

"தாழ்ந்தா என்ன?"

"பில்லியர்ட்ஸ் மேசை போடப்போறேன்ல? கோலைத் தூக்கினா குழாயில இடிக்கும்."

"உன் கோலுக்கு இடம் வேணும்னு என் நுரையீரலை ஒதுக்கச் சொல்றியா?"

"வண்டிப் பக்கம் வச்சா குட்டைக் குழாயே போதும். காத்து காத்துதானே ஹால்யா? தோட்டத்துக் காத்து உக்ரைன்காரன், வண்டிப் பக்கத்துக் காத்து இங்கிலீஷ்காரனா?"

அவள் நுரையீரல் சோதனைக்கு ஆஸ்பத்திரி போன நாளாகப் பார்த்துச் சுவரில் துளை போட்டுவிட்டான். திரும்பி வந்து பார்த்தால், வண்டி நிற்கிற இடத்துக்கு நேர்மேலே பளபளவென்று மூக்கு முளைத்திருந்தது.

கோடையில் ஒன்றும் தெரியவில்லை. குளிர் இறுகியதும் தெரிந்தது. இந்த ஊர்க் குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க இரவெல்லாம் மின்கம்பி மாட்டிச் சூடாக வைத்தாலும், காலையில் வண்டியை நெடுநேரம் உறுமவிட்டுத்தான் கிளப்ப முடியும். ஆண்கள் பக்கத்திலேயே நின்று அதைப் பூஜை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மைரனும் நிற்பான். காற்றுப்பெட்டி தன் வேலையைச் செய்யும். படுக்கையறைக் கூரையின் துளை வழியாக ஹால்யாவின் தலையணைமேல் வண்டியின் மூச்சு இறங்கும், பக்குவமாகச் சூடேறி.

தலைவலி. குமட்டல். நெஞ்சு பிளக்கிற இருமல். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வருவாள்.

"புகை வருது மைரன்."

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"உன் மூக்கு பன்றிக் கொட்டகையிலயே செத்துப்போச்சு."

"விஷப்புகை வந்தா கத்துறதுக்குன்னு நடையில ஒரு கருவி மாட்டியிருக்கேன்ல? அதுவே கத்தலை. நீ ஏன் கத்துற?"

"நான் சாகிற அளவுக்கு வந்தாத்தான் அது கத்தும். அதுக்கு முன்னாடி நான் கத்தக்கூடாதா?"

மைரன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். குரலைத் தணித்துக்கொண்டான். அவன் குரலைத் தணித்தால் அடுத்து வருவது நல்லதாக இருக்காது.

"உங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஹால்யா."

அவளுடைய அம்மா கடைசிக் காலத்தை ஜன்னல் திறக்காத ஒரு மனநோய் வார்டில் கழித்தவள். மறுநாளே மைரன் மனநல டாக்டரைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்த செவ்வாய்க்கிழமைக்கு அவள் பெயரில் நேரம் வாங்கிவிட்டான். இருமல் காதில் விழுகிறதென்று தன் படுக்கையையும் கீழ்த்தளத்துக்கு, பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

ஓர் ஆண் வந்து, "எஞ்சினில் கருகல் வாசனை வருகிறது" என்று சொல்லட்டும். பட்டறையே குனிந்து முகரும். ஒரு பெண் தன் படுக்கையறையில் புகை வருகிறது என்றால் ஏன் அவள் மண்டையைத் திறந்து பார்க்க ஆள் தேடுகிறார்கள்? யாராவது பதில் சொல்லுங்கள், பார்க்கலாம்.

இதில் கொடுமை, ஹால்யாவே தன் மூக்கைச் சந்தேகிக்க ஆரம்பித்ததுதான். ஒருநாள் காலை வண்டி உறுமும்போது, இல்லாததை முகர்கிறோமோ என்று கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்துப் பார்த்தாள். பெட்ரோல் புகை இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது.

சிகரெட்.

மைரனுக்கு ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, அவன் உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆளான அக்கா ஸ்டெஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிச் சாகும்வரை சிகரெட்டைத் தொடுவதில்லை என்று அழுதிருக்கிறான். ஸ்டெஃபா தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர்களே அவளைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள்.

ஹால்யா மைரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் மனப்பிரமை ஆகிவிடும். தொலைபேசியை எடுத்து ஸ்டெஃபாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தா ராத்திரி தங்கிட்டுத்தான் போகணும். என் அறையிலயே படுத்துக்கலாம்."

உக்ரைன்காரர்களின் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளான ஜனவரி ஆறாம் தேதி மாலை ஸ்டெஃபா வந்தாள். மேசையில் பீட்ரூட் சூப், பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, தேனும் கசகசாவும் போட்டு வேகவைத்த கோதுமை. அன்றைக்கு இறைச்சி கிடையாது. இறந்தவர்களுக்காக ஒரு நாற்காலியும் ஒரு தட்டும் காலியாக விட்டிருந்தார்கள். போன வருஷம் அது மாமியாருக்கு. அடுத்த வருஷம் அது யாருக்கு என்று ஹால்யா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரோகியை மைரன் பக்கம் நகர்த்தி, இனிக்க இனிக்கப் பேச்சை எடுத்தாள்.

"உங்க தம்பியே மாட்டின காத்துப்பெட்டி, அண்ணி. ஏன் மைரன், வண்டிப் பக்கத்துலேர்ந்து பொட்டுப் புகையாவது உள்ள வருமா?"

"பொட்டுக்கூட வராது."

"என்னைக்காவது ஒருநாள், லேசா?"

"வரவே வராதுங்கறேன்! அக்கா, நீயே கேளு இவ பேச்சை." மைரன் காலித் தட்டின்மேல் கையை வைத்தான். "அம்மாமேல சத்தியம். வெளியில இருக்கிற எதுவும் இந்த வீட்டுக்குள்ள வராது."

"அம்மாமேலயே சத்தியம் பண்ணிட்டானே, அப்புறம் என்னம்மா உனக்கு?" என்றாள் ஸ்டெஃபா.

"அது போதும் அண்ணி. சாப்பிடுங்க."

மறுநாள் காலை வெளியே வண்டி உறுமியது. ஸ்டெஃபா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூக்கு மேலும் கீழும் போனது.

"யாருடி வீட்டுக்குள்ள சிகரெட் பிடிக்கிறது?"

"எனக்கு ஒண்ணும் வரலையே, அண்ணி" என்றாள் ஹால்யா.

"உனக்கு வராட்டி எனக்கென்ன? ஆஸ்பத்திரிக் கக்கூஸ்ல ஒளிஞ்சு பிடிக்கிறவனை வாசல்லேர்ந்தே பிடிச்ச மூக்கு இது!"

மைரன் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது, நடையில் அக்கா நின்றிருந்தாள். பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹால்யா.

"டேய், வாயை ஊது."

"அக்கா, வெளியில எவ்வளவு குளிர்..."

"ஊதுடா!"

ஊதினான்.

"பொண்டாட்டி நுரையீரல் போய்க் கிடக்கிறா, நீ வீட்டுக்குள்ள சிகரெட் பிடிக்கிறியா? நீயும் ஒரு மனுஷனா?"

"ஐயோ, வீட்டுக்குள்ள பிடிப்பேனா? வெளியில வண்டிகிட்ட நின்னுதான்..." அதோடு வாய் தானாக மூடிக்கொண்டது.

"அப்படிச் சொல்லாதே மைரன்" என்றாள் ஹால்யா, அக்கறையோடு. "வெளியில இருக்கிற எதுவும் உள்ள வராது. அத்தைமேல சத்தியம் பண்ணியிருக்க. அப்ப உள்ளதான் பிடிச்சிருக்கணும். இல்லைன்னா உங்க அக்காவுக்கும் மனசு சரியில்லைன்னு ஆயிடும்."

"எனக்கா?" என்று ஒரு அடி முன்னால் வந்தாள் ஸ்டெஃபா. "சொல்லுடா. உள்ளயா, வெளியிலயா?"

உள்ளே என்றால் கொலைகாரன். வெளியே என்றால் பொய்ச் சத்தியக்காரன். மைரன் கட்டிய வீடாயிற்றே, தப்பித்துப் போக ஓர் இடுக்கு இல்லை. கீழ்த்தளத்துக்குப் போகிற படியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டான்.

"வெளியிலதான். அந்தத் துளை வழியா உள்ள வருது. வண்டிப் புகையும்தான் வந்திருக்கும். குழாயைத் தோட்டப் பக்கம் மாத்திடறேன்." குரல் தேய்ந்துகொண்டே போனது. "மேசையையும் வித்துடறேன். செவ்வாய்க்கிழமை வரமாட்டோம்னு அந்த மனநல டாக்டருக்கும் இப்பவே சொல்லிடறேன்."

ஹால்யா இருமி முடிக்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு சொல்லிடாதே. பேரை மட்டும் மாத்திச் சொல்லு. நீ போயிட்டு வா."