ஏதோ இருக்கான்

"ஏதோ இருக்கான் மேடம்" என்று வார்டில் கிடக்கும் பிள்ளையைப் பற்றி நர்சு இந்து போனில் சொன்னதும், ராஜபாளையத்தில் வெங்கடேஸ்வரியின் கையிலிருந்த காப்பி சேலையில் கொட்டிவிட்டது.

நுரையீரல் சுருங்கிப்போன பச்சைப்பிள்ளைகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். இந்துதான் முதல் மாணவி. இவள் தேறிவிட்டால், அந்த ஊர்த் தாய்மார் இதற்காக மதுரைக்கு ஓட வேண்டாம்.

பிள்ளையை மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து பார்த்தால், பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது. நெஞ்சில் அடைத்த காற்றை வெளியேற்றும் குழாய் ஒழுங்காகத் தண்ணீர் பாட்டிலுக்குப் போகிறது.

"ஏட்டி, நல்லாத்தானே இருக்கான்?"

"ஆமா மேடம். அதை வாய்விட்டுச் சொல்லுவாகளா? கண்ணு பட்டுராதா? எங்க மகாராஜபுரத்துல ஒருத்தரும் சொல்ல மாட்டாக."

ஆம்புலன்ஸ்காரர் முறைத்துவிட்டுப் போனார். இனி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சொல்ல வேண்டும் என்று வெங்கடேஸ்வரி உத்தரவு போட்டாள்.

மறுநாள் இந்து வார்டே கேட்கும்படி சொன்னாள். பிள்ளையின் பெரியம்மா இருளம்மாள் காதிலும் விழுந்தது. அவளும் மகாராஜபுரம்தான். சுற்றிப்போட உப்பு, மிளகாய், சூடம், தீப்பெட்டியோடு வந்து நின்றாள். உள்ளே ஆக்சிஜன். தீப்பெட்டியைப் பிடுங்குவதற்குள் கத்திக் கத்தி வெங்கடேஸ்வரிக்குத் தொண்டை கட்டிப்போனது.

"நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். கண்ணால பாத்ததை மட்டும் சொல்லு தாயி" என்று இந்துவைக் கும்பிட்டாள்.

அன்றைக்கென்று தேர்வு வைக்க மதுரையிலிருந்து டாக்டர் பால்ச்சாமி வந்து இறங்கினார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளை மேல் குனிந்து, எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

"ரெண்டு பக்க நெஞ்சும் ஒண்ணுபோல ஏறி இறங்குது சார். பாட்டில்ல குமிழி நின்னுருச்சு. மூச்சுக்குத் தக்கன தண்ணி ஆடிக்கிட்டு இருந்துச்சு, இப்ப ஆடலை."

"ஏன் ஆடலை?"

"உங்க முழங்கை குழாய் மேல இருக்கு சார்."

சொன்னதோடு விடாமல், அந்த முழங்கையைத் தூக்கி அப்பால் வைத்தாள். தண்ணீர் மறுபடி ஆடியது. வெங்கடேஸ்வரிக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கர்வம்: யார் தயாரித்த பிள்ளை!

டாக்டர் கை கழுவிவிட்டு வெளியேறினார். பின்னாலேயே வெங்கடேஸ்வரி ஓடினாள்.

"சார், எங்க இந்து எப்படி?"

"ஏதோ இருக்கா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

அம்புட்டும் போச்சு என்று வெங்கடேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இருளம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். வாயெல்லாம் பல்.

"எதுக்குத் தாயி அழுவுறீக? அந்த டாக்டரும் எங்க மகாராஜபுரந்தான்."