மூட்டை அண்ணை கட்டிய ஆப்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே கலியாண வீட்டுக்குச் சொந்த அப்பளத்தோடு போகிற ஒரே மனிதர் எங்கள் மூட்டை அண்ணைதான். உடுவிலில் ஒரு கலியாணத்தில் கடைசிப் பந்திக்கு அப்பளம் முடிந்துவிட்டது. மனிதர் தன் பையிலிருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்து அப்பளம் ஒன்றை எடுத்து, எங்கள் கண்ணெதிரே நொறுக்கிச் சாப்பிட்டார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கொழும்பு விடுதிக்குப் போனால் மின்குமிழும் கொண்டுபோவார்.

கொக்குவிலில் மாடி வீடொன்றில் எங்கள் சின்ன நிறுவனம். வியாபாரிகளுக்குக் கைபேசி ஆப் செய்கிறோம். அதைக் கடைசியாகக் கட்டி அனுப்புவது அண்ணையின் வேலை. பட்டியல், நாட்காட்டி, பொத்தான் எதையும் நாங்கள் புதிதாகச் செய்வதில்லை. ஃபிரேம்வேர்க் என்ற அடித்தளத்தோடு எல்லாம் ஆயத்தமாகவே வரும். ஆப்பைத் திறக்கும்போது கைபேசி அவற்றை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று மற்றவர்கள் நம்பி விட்டுவிடுவார்கள். மூட்டை அண்ணை நம்பமாட்டார். வேண்டியது வேண்டாதது அத்தனையையும் ஆப்புக்குள்ளேயே திணித்துக் கட்டுவார்.

“ஐசே, உது ஆப்போ அம்மிக்கல்லோ?” என்று முதலாளி கத்துவார்.

“பாரம்தான், ஒத்துக்கொள்ளுறன். நடுவழியிலை சிக்னல் போனால் ஆரிட்டை இரவல் கேக்கிறது?”

“வேண்டியதை மட்டும் வையுமன்!”

“மிச்சத்தை அநாதையா விட்டிட்டுப் போகச் சொல்லுறியளோ?”

போன மழைக்காலம், தொண்டைமானாற்று மீனவர் சங்கத்துக்கு மீன் கணக்கு எழுதும் ஆப்பைக் காட்டப் போனோம். அந்த வேலைக்கான ஓடர் கிடைக்காவிட்டால் நிறுவனத்தை இழுத்துப் பூட்டிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். என் பிழைப்பும் அதோடு சரி. அண்ணையோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன முதலாளி, மெலிந்த ஆப் ஒன்றைத் தானே கட்டித் தன் கைபேசியில் கொண்டுவந்திருந்தார்.

கரையில் சிக்னல் மருந்துக்கும் இல்லை. முதலாளியின் திரை வெளிறி, ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

“தம்பி, உது சுத்தி முடிய மீன் கருவாடாகிடும்,” என்றார் சங்கத் தலைவர்.

மூட்டை அண்ணை தன் கைபேசியை நீட்டினார். பட்டென்று திறந்தது. மீன், எடை, ஆட்களின் பெயர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தலைவர் பெருவிரலால் அங்கும் இங்கும் அழுத்த, திடீரென்று வெறும் பெட்டியொன்று முளைத்தது. ஒருவரும் கேட்காத கையெழுத்துப் பெட்டி. அண்ணை சோதித்துப் பார்த்துவிட்டு எடுக்க மறந்திருந்தார். தலைவர் விரலால் அதில் கையெழுத்து வைத்துப் பார்த்தார்.

“ஓ, இதிலை கையெழுத்தும் வைக்கலாமோ? இனி மீன் எடுத்தவன் எடுக்கேல்லையெண்டு சண்டைக்கு வரேலாது!”

“உங்களுக்கெண்டே வைச்சதுதான் ஐயா,” என்றார் முதலாளி, கூச்சநாச்சமே இல்லாமல்.

ஓடர் அங்கேயே கிடைத்தது.

திரும்பும் வழியில் வான் வண்டிக்குள் மூட்டை அண்ணை முதலாளியின் தோளில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கினார். தோள் மரத்துப்போய் முதலாளி நெளிவதைக் கண்டு, “எழுப்பட்டோ?” என்று கேட்டேன்.

“சத்தம் போடாதையும். ஆள் படுக்கட்டும்.”

நான் சாரதியிடம் பாட்டைக் குறைக்கச் சொன்னேன். அந்த மனிதரில் எங்களுக்கு அவ்வளவு பிரியம்.