பத்துப் பதிலும் ஓர் அறையும்

அச்சகத்தில் பிழை திருத்துகிறவருக்கு வீட்டில் சொந்தமென்று இருந்தது ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்றுதான். அதில் உட்கார்ந்துதான் தம் இணையதளத்தை நடத்திவந்தார். நடத்துவது என்றால், எழுதி வைப்பார். அது பாட்டுக்குக் கிடக்கும். பதில் போட அதில் வழி கிடையாது. போடுகிற ஆளும் கிடையாது.

அந்த அறைமேல் மனைவிக்கு ஒரு கண். சட்டை தைக்கிறவள். மெஷின் கிடந்த நடையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நீங்க எழுதறத யாருங்க படிக்கிறா?" என்றாள் ஒரு நாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளியாள் பத்துப் பேர் பதில் போடட்டும். அறை உங்களுக்கு. அப்புறம் நான் வாயே திறக்கல."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதலாளியே இல்லாத சமூக வலைத்தளங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு சர்வர் வைத்து, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தம் தளத்தை அவற்றோடு இணைத்தால், இங்கே எழுதுவது அங்கே போகும். அங்கே சொல்லும் பதில் இங்கே வந்து உட்காரும். சோறு தண்ணி மறந்து இணைத்தார். இணைத்த கையோடு மனைவிக்கு வகுப்பும் எடுத்தார். அங்கே அதிகாரி கிடையாது, போனது எத்தனையோ சர்வரில் பிரதியாகிவிடும், அப்புறம் நாமே நினைத்தாலும் திரும்பப் பிடிக்க முடியாது என்றெல்லாம் சொன்னார். அவள் பட்டன் தைத்தபடியே உம் கொட்டினாள்.

ஒற்றெழுத்தின் மேன்மையைப் பற்றி எழுதினார். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை முகம் தொங்கிப்போயிற்று.

அவளுக்கே பாவமாகிவிட்டதாம். வெறும் எழுத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், போட்டோ போடுங்கள் என்றாள். புதிதாகத் தைத்த சட்டையை மாட்டிவிட்டு, அறையில் நிற்கவைத்து, அவளே எடுத்தும் கொடுத்தாள். 'இதுதான் என் எழுத்தறை' என்று தலைப்பு வைத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் பதில்கள் குவிந்து கிடந்தன. பத்தைத் தாண்டியாயிற்று. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்க வாசித்தார். இந்தச் சட்டையை யார் தைத்தது? எனக்கும் இதே காலர் வேண்டும். என் அண்ணனுக்கும் சேர்த்துத் தைப்பார்களா? அறையைப் பற்றி ஒரு ஜீவன் பேசவில்லை.

பாதியிலேயே வாசிப்பதை நிறுத்தினார். படத்தை அவசர அவசரமாகத் தளத்திலிருந்து தூக்கினார். தூக்கி என்ன? அது ஊர் ஊராகப் போய்விட்டது. பதில்கள் வந்தபடியே இருந்தன.

"ஜெயிச்சிட்டீங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "அறை உங்களுக்குத்தான். ஆனா கேட்டவங்க எல்லாரும் உங்க பேர் போட்டுக் கேட்டிருக்காங்க. தைச்சுக் கொடுக்கலன்னா கெடப்போறது உங்க பேருதான். நடையில இருக்கிற வெளிச்சத்துல என்னால இத்தனையும் முடியாதுங்க."

பேர் என்றதும் அவர் எழுந்து நடைக்குப் போனார். தாமே மெஷினைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தார்.

அறை இன்றைக்கும் அவருடையதுதான். தோள் அளவைச் சரியாகக் குறித்து அனுப்பும்படி உலகத்துக்கு அங்கிருந்துதான் பதில் எழுதுகிறார், அவள் நாற்காலி போடச் சொன்ன மூலையில் உட்கார்ந்து.