கெட்ட நேரம் கழுவித் தரப்படும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், தேர்வுக்குப் படிப்பவர்கள் வந்து குவியும் நோரியாங்ஜின் பேட்டையில், பெண்கள் விடுதியின் பொதுச் சமையலறையில் இருந்தவர்கள்: அரசாங்கத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆறு பேர். மறுநாள் காலை விமானப் பணிப்பெண் வேலைக்கான நேர்காணல் உள்ள சுல்கி. விடுதிக்காரி ஓக்பூன் அம்மா. போலீஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டு மூன்றாவது முறைக்குப் படிக்கும் நாம்ஹீ. கறுப்புப் பட்டுக் கையுறை போட்ட யோன்வா குருவம்மா. பிறகு நான், மிசோன். கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனவள். இரவெல்லாம் தெருமுனைக் கடையில் கல்லாவுக்குக் காவல்.

வராதது ஒன்றே ஒன்று: மூளை. அதை யாரும் அழைக்கவில்லை.

குருவம்மாவின் சித்தாந்தம் எளிமையானது. தலைவிதி முகத்தில் இருக்கிறது. இதை எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை, வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் உட்பட. விதி முகத்தில் இருந்தால், அந்த முகத்தைத் தினமும் தடவுகிற மேக்கப் பிரஷில் அது ஒட்டாமல் வேறு எங்கே போகும்? தோற்ற நாளில் பூசிய பிரஷை ஜெயிக்க வேண்டிய நாளிலும் பூசினால் என்ன ஆகும்? கேட்டதும் எல்லோருக்கும் புல்லரித்தது. எனக்கு இரண்டு மடங்கு புல்லரித்தது. அறிவியல் படித்தவள் அல்லவா.

சடங்கு இப்படி. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நிலா வெளிச்சத்தில் வைத்த தண்ணீர். குருவம்மா கண்ணை மூடி, பிரஷின் மயிரைக் கையுறை விரல்களால் பிசைந்து 'படிப்பார்'. வெறுங்கையால் தொட்டால் கெட்ட நேரம் அவருக்குத் தொற்றிவிடுமாம். பிறகு பிரஷைத் தண்ணீரில் முக்குவார். தண்ணீர் கன்னங்கரேல் என்று மாறும். கூட்டம் "ஐயோ!" என்று அலறும். சோப்பு படவே கூடாது. சோப்பு பட்டால் விதி நுரைத்து வீட்டோடு நிற்கும். கழுவிய பிரஷையும் பவுடர் பூசும் ஸ்பாஞ்சையும் ஈரத்தோடே அவர் தரும் பட்டுப் பையில் போட்டு இருட்டில் வைக்க வேண்டும். ஒரு கழுவலுக்கு அவர் வாங்கும் காணிக்கையில் ஒரு குடும்பம் வருடம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கச் சோப்பு வாங்கலாம்.

ஆறு வாரமாக நானும் வரிசையில் நின்றேன். தண்ணீர் ஏன் கறுக்கிறது என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. என்னுடைய பிரஷில் கறுப்பு குறைவாக வந்துவிட்டால் வருத்தமாக இருக்கும். என் துரதிர்ஷ்டத்துக்கு மரியாதை இல்லையே என்று.

அன்று சுல்கியின் பிரஷ் மையாகக் கொட்டியது. குருவம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"நாளைக்குப் போகாதேம்மா. உன் நேரம் இன்னும் பழுக்கலை. போனா தோப்பே. அந்தத் தோல்வி இந்த மயிர்ல ஆயுசுக்கும் ஒட்டிக்கும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

சுல்கியின் முகம் விழுந்தது. அந்த முகத்தில் விழுவதற்கு இடமும் இல்லை. இரண்டு கன்னத்திலும் பருக்கள். கெட்ட நேரம் தோல் வழியாக வெளியேறுகிறது என்று குருவம்மா ஏற்கெனவே விளக்கியிருந்தார்.

"அடுத்த வருஷம் எனக்கு வயசாயிடும், குருவம்மா."

"வயசு முக்கியமா, விதி முக்கியமா?"

"சரிங்க. போகலை," என்றாள் சுல்கி, தரையைப் பார்த்தபடி.

"அந்தத் தொட்டியை விட்டு எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க," என்று ஒரு குரல் வந்தது. நாம்ஹீ. கையில் காய்ந்த கடற்பாசிப் பொட்டலம். "சூப்புக்கு ஊறவைக்கணும். பசிக்குது."

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் நிறைந்த வீட்டில் கடற்பாசி சூப்பு! அந்த வழவழப்பில் தேர்ச்சி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று குழந்தைக்கும் தெரியும். ஓக்பூன் அம்மா பதறிப்போனார்.

"அடி பாவி! அதைத் தின்னுதான் ரெண்டு தடவை தோத்தே!"

"படிக்கலைம்மா. அதான் தோத்தேன்."

இதைவிட ஆபாசமான பேச்சை அந்தச் சமையலறை கேட்டதில்லை. நாம்ஹீயின் கண் கறுப்புத் தண்ணீரில் விழுந்தது. சட்டைப்பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு பிரஷை எடுத்து நீட்டினாள்.

"இது புதுசு. எந்த மூஞ்சியையும் தொட்டதில்லை. முக்குங்க பாப்போம்."

குருவம்மா தயங்கவே இல்லை. பிரித்தார், பிசைந்தார், கிண்ணத்தில் புதிதாக நிலாத் தண்ணீர் ஊற்றி முக்கினார். கறுப்பு.

"இது யாரோட கெட்ட நேரம்?" என்றாள் நாம்ஹீ.

"செஞ்ச தொழிற்சாலைக்காரியோடது."

கூட்டம் தலையாட்டியது. நான் மற்றவர்களை முந்திக்கொண்டு ஆட்டினேன். எவ்வளவு ஆழமான பதில்!

"சரி, இப்ப நான் முக்குறேன். மிசோனக்கா, உங்க பிரஷைக் குடுங்க." குழாயைத் திறந்து கிண்ணத்தில் புதுத் தண்ணீர் பிடித்தாள். என் பிரஷை வாங்கி, யாரும் பிசைவதற்கு முன்னால் அமிழ்த்தி ஆட்டினாள்.

தண்ணீர் லேசாகத் தோல் நிறத்துக்கு வந்து நின்றது. பழைய பவுடர். கறுப்பு மட்டும் வரவே இல்லை.

"இந்தப் பொண்ணுக்குக் கெட்ட நேரமே கிடையாது. அதான் கறுக்கலை," என்றார் குருவம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கா?" என்றேன். "எனக்குக் கெட்ட நேரம் இல்லையா?"

முதலில் சிரித்தது ஓக்பூன் அம்மா. "மிசோனுக்கா! படிப்பு போச்சு, அவ வேலை பார்த்த மூணு கம்பெனியும் மூடிப் போச்சு, காதலிச்ச பையன் இவ தோழியையே கட்டிக்கிட்டான். இவளுக்குக் கெட்ட நேரம் இல்லைன்னா நாட்டுல யாருக்குமே இல்லைடி!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கவனியுங்கள். புது பிரஷ் காட்டிய உண்மையை யாரும் நம்பவில்லை. நான் உருப்படாதவள் என்பதை மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் நம்பினார்கள். என் வாழ்க்கை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்றுதான்.

சிரிப்போடு சிரிப்பாக நாம்ஹீ குருவம்மாவின் கையுறையைச் சட்டென்று உருவிக் கிண்ணத்தில் போட்டாள். மயிரில்லை, பிரஷில்லை, விதியில்லை. தண்ணீர் தார் போல ஆனது.

"அரைச்ச மை," என்றாள் முகர்ந்து பார்த்து. "கையுறைக்கு என்னம்மா கெட்ட நேரம்?"

குருவம்மா வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கூட்டமே சத்தம் போட்டு அவரைப் படியிறக்கியது. ஆறு வாரம் வரிசையில் நின்ற நான்தான் அதிகம் சத்தம் போட்டேன்.

"அப்ப என் பரு?" என்றாள் சுல்கி.

நாம்ஹீ அவளுடைய பட்டுப் பையிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து, இறைச்சி வெட்டும் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினாள். உள்ளே புள்ளிப் புள்ளியாகக் கரும்பூஞ்சை.

"தினம் இதைத்தான் கன்னத்துல தேய்ச்சுருக்கே. ஈரத்தை இருட்டுல மூடி வெச்சா வேற என்ன முளைக்கும்? தூக்கிப் போடு. புது ஸ்பாஞ்சு வாங்கு. நாளைக்கு அந்த இன்டர்வியூவுக்குப் போ."

பிறகு பிரஷ்களை நாங்களே கழுவினோம். பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒரு சொட்டு. வெதுவெதுப்பான தண்ணீர். உள்ளங்கையில் சுழற்றச் சுழற்ற, நிலாத் தண்ணீரில் வராத அழுக்கெல்லாம் சேறாக வந்தது. நுரை அடங்கும்வரை அலசி, மயிர் கீழே தொங்கும்படி கொடியில் கட்டினோம். பருத்தித் துணி துவைக்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்த வித்தை. அதற்கு நாங்கள் ஒரு குருவை வைத்திருந்தோம்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்தேன். கொடியில் எல்லா பிரஷும் காய்ந்திருந்தன, என்னுடையதைத் தவிர. வாசலில் சுல்கி கொண்டையும் குதிகால் செருப்புமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என் பிரஷ் எங்கடி?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா." கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "உங்களுதுலதான் கெட்ட நேரம் கிடையாதுன்னு நேத்து எல்லார் முன்னாடியும் தெரிஞ்சுபோச்சுல்ல? ராசிக்கு எடுத்துக்கிட்டேன்."

சமையலறையிலிருந்து நாம்ஹீயின் குரல் வந்தது: "பிரஷைக் கழுவியாச்சு. மண்டையை எப்படி கழுவப் போறே?"

எனக்குச் சுல்கி மேல் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நோயே அதுதான். உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் ஒரு கையுறை வரும். கும்பிடுவதற்கு முன்னால் அதை நனைத்துப் பாருங்கள்.

சுல்கி படியிறங்கினாள். கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. கதவின் மின்னணுப் பூட்டு வழக்கம்போலத் தன் சின்னப் பாட்டைப் பாடிவிட்டு இறுகியது.