டில்பி கார்னருக்கு ஒரு பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் மெர்ல் ஸ்டாக்கர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமென நம்புகிறேன். வியாழக்கிழமைப் பத்திரிகை சனிக்கிழமைக்குள் வந்துசேரும் வாரங்களில் தவறாமல் படிக்கிறவள் நான்.

"டில்பி கார்னர் என்று சட்டப்படி ஓர் ஊரே இல்லை, அதனால் புயலில் விழுந்த பெயர்ப்பலகையைத் திரும்ப நடப்போவதில்லை" என்று சாலைத்துறை சொன்னதாகச் சென்ற வாரம் போட்டிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. இல்லாத ஊரில் இத்தனை கொசு எப்படி என்றுதான் புரியவில்லை.

எங்கள் வரலாறு சுருக்கமானது. ரயில் இந்த வழியாகத்தான் வரும் என்று நம்பி ஆமோஸ் டில்பி என்ற மகான் முதலில் ஓட்டலைக் கட்டினார். ரயில் வேறு பக்கம் போனது. அவரும் அதிலேயே ஏறிப் போய்விட்டார், பெயரை மட்டும் எடுத்துப்போக மறந்து. பூகோளம் அதைவிடச் சுருக்கம்: ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, சுற்றிலும் நெப்ராஸ்கா மாநிலம் முழுவதுக்குமான மக்காச்சோளம். கல்லூரியில் புவியியல் படித்தவள் என்பதால் அடித்துச் சொல்கிறேன், வேறெதுவும் இல்லை.

போன செவ்வாய் சாயங்காலம் என் கைக்குழந்தை வெஸ்லிக்கு நாய் குரைப்பதுபோல் இருமல், மூச்சு இழுக்கிறது, கணவர் ராய்ஸ் அறுவடையில் இருக்கிறார், நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்களுடைய வழிகாட்டிக் கருவி எங்கள் வீட்டைச் சோளக்காட்டு நடுவில் காட்டியதாம். ஓட்டுநர் நெடுஞ்சாலையிலிருந்து போன் செய்தார்.

"மேடம், இங்க போர்டே காணோமே?"

அதற்குள் பக்கத்துப் பண்ணை ஆர்வில் வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தம்பி, ஹாக்பர்க்கோட சிவப்புக் கொட்டகை இருந்த இடத்துல இடதுபக்கம் திரும்பு."

"கொட்டகை எங்க சார் இருக்கு?"

"அது எரிஞ்சு நாப்பது வருஷமாச்சேப்பா!"

"எரிஞ்சதைப் பார்த்து எப்படி சார் திரும்புறது?"

"எல்லாருக்கும் தெரியுமே! என்னம்மா கொலீன், ஆம்புலன்ஸுக்குப் போயும் போயும் வெளியூர்க்காரனையா பிடிப்பாங்க?"

வண்டி மூன்று மக்காச்சோளக் காடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. அதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு வாசல் குளிர்காற்றில் நின்றதில் (இந்த இருமலுக்குக் குளிர்காற்று நல்லதாம்) இழுப்பு தணிந்து, வெஸ்லி ஆர்விலின் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் ஐயா, நடுவில் அவன் உதடு நீலமாக இருந்தது. அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. அவன் மூச்சை எண்ணிக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன்.

எங்களுக்கு மேயர் வேண்டாம், தெருவிளக்கும் வேண்டாம். திருப்பத்தில் ஒரு பலகை வேண்டும். அவ்வளவுதான். எரிந்துபோனதை அடையாளம் சொல்லி உயிரோடிருப்பவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இந்தப் பழக்கம் எங்களோடு ஒழியட்டும். தயவுசெய்து இதைப் பிரசுரியுங்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகளைச் சளி அண்டாதிருக்கட்டும். திருமதி ஸ்டாக்கருக்கு என் அன்பு.

இப்படிக்கு,
இல்லாத ஊரிலிருந்து,
கொலீன் ப்ராட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது. சாலைத்துறையிலிருந்து போன். மனம் மாறிவிட்டார்களாம், இன்றைக்கே பலகையோடு வருகிறார்களாம், எங்கே நட வேண்டும் என்று கேட்டார்கள். ஆனந்தத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "ரொம்பச் சுலபம்ங்க, ஹாக்பர்க்கோட சிவப்புக் கொட்டகை இருந்த இடத்துல" என்றேன். காலையில் கிளம்பியவர்கள், இப்போது மாலையாகிறது. தேடிப் பார்க்க ஆர்வில் போயிருக்கிறார்.